‘இந்தோசீன்’ படத்தில் அந்த அம்மாவும் மகளும் யார்?

அஸ்தம்பட்டி வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். மாதத்துக்கு ஒருமுறை நாங்கள் ஏழெட்டுப் பேர் அஸ்தம்பட்டியில் ஒரு தோழி வீட்டு மாடியில் கூடி வெளிநாட்டுப் படம் ஒன்று பார்ப்போம். இந்த முறை ‘இந்தோசீன்’. 1992-இல் வந்த பிரெஞ்சுப் படம், ரெஜிஸ் வார்னியே இயக்கியது, சிறந்த வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. முடிந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன், என் தம்பி கோபத்தில் இருந்தான். அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம் வீட்டில் இன்னும் ஓயவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன், முடிவும் இதில் வரும். 1930 வாக்கில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வியட்நாமில், சைகோன் பக்கம் எலியான் என்ற பிரெஞ்சுக்காரி (காத்தரீன் தெனவ்) பெரிய ரப்பர் தோட்டம் நடத்துகிறாள். கல்யாணம் ஆகாதவள், பிறந்ததே அங்கேதான். அவளுடைய நண்பர்களான நுயென் அரச வம்சத்துத் தம்பதி விமான விபத்தில் இறந்துவிட, அவர்களின் மகள் கமீலைத் தத்தெடுத்து வளர்க்கிறாள். ஜான்-பப்தீஸ்த் என்ற இளம் கடற்படை அதிகாரியோடு எலியானுக்கு உறவு ஏற்படுகிறது. அது முறிந்த பிறகு அதே ஆள்மேல் கமீல் உயிரையே வைக்கிறாள். அம்மா தனக்குள்ள செல்வாக்கால் அவனுக்கு வடக்கே மாற்றல் வாங்கிவைக்க, கடைசியில் அவன் தொங்கின் என்ற வட வியட்நாமின் கடலோரத்துத் தீவு ஒன்றில் போய் விழுகிறான். மகள் நடந்தே அவனைத் தேடிப் போகிறாள். அந்தத் தீவின் கூலிச் சந்தையில் ஓர் அதிகாரியைச் சுட்டுவிட்டு அவனோடு தப்பி ஓடுகிறாள். குழந்தை பிறக்கிறது, பிடிபடுகிறார்கள், அவன் சாகிறான், அவள் பூலோ கொண்டோர் சிறைக்குப் போகிறாள். 1936-இல் விடுதலையாகி வெளியே வரும்போது அவள் கம்யூனிஸ்ட், அம்மாவிடம் திரும்பிவர மறுத்துவிடுகிறாள். பையன் எத்தியெனை எலியான் பிரான்சுக்குக் கொண்டுபோகிறாள். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போரை முடித்துவைத்த 1954 ஜெனீவா மாநாட்டுக்கு வியட்நாம் தூதுக்குழுவில் கமீல் வருகிறாள். பெற்றவளைப் பார்க்கப் போன பையன், கூட்டத்தில் அவள் யாரென்றே தெரியாமல் திரும்பி வந்து எலியானிடம் ‘நீதான் என் அம்மா’ என்று சொல்கிறான்.

எலியான் என்றால் பிரான்ஸ், கமீல் என்றால் வியட்நாம், இது எனக்கும் புரிகிறது. ஆனால் அந்த அம்மா பொய்யாகப் பாசம் காட்டுகிற மாதிரி எனக்குத் தெரியவே இல்லை. மகளைக் காணாமல் அவள் உருக்குலைந்து போவதைப் பார்க்க முடியவில்லை. ஓரிடத்தில் அவள், மனிதர்களுக்குள் தோலின் நிறம் முக்கியமில்லை, எதைத் தின்று வளர்ந்தோம் என்பதுதான் முக்கியம், ஆப்பிள் தின்று வளர்ந்தவர்கள் மாதிரி நான் ஆக முடியாது, நான் ஆசியாக்காரி, மாம்பழம், என்கிற அர்த்தத்தில் பேசுவாள். சேலத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. தம்பி உடனே, “மாம்பழம் தின்னுட்டா தோப்பு அவளுதாயிடுமா?” என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் கேள்வி இதுதான். அந்தப் பாசம் உண்மை என்றால், அது எப்படி ஆட்சியின் அடையாளமாகும்? நடுவில் வரும் அந்த அதிகாரி யாரைக் குறிக்கிறான்? வியட்நாமைப் பற்றிய மற்ற படங்களிலும் இப்படித்தான் உறவுகளை வைத்துக் கதை சொல்கிறார்களா?

நாகலூர் காப்பி:

தோழி, இந்தப் படத்தை நான் ஏற்காட்டில், எங்கள் வீட்டில், காப்பிப் பழம் பறிப்பு முடிந்த ஒரு ஜனவரி ராத்திரியில் பார்த்தேன். என் தாத்தா எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்தவர், பாட்டி பழம் பறித்தவர். அதனால் எனக்கு உங்கள் தம்பி பக்கம்தான் மனசு போகிறது, ஆனால் நீங்கள் அழுததும் தப்பில்லை என்று நினைக்கிறேன்.

படத்தின் ஆரம்பத்தில் வருவதைக் கவனித்தீர்களா? கமீலைத் தத்தெடுக்கும்போது அவளுடைய பெற்றோரின் நிலமும் எலியானின் நிலத்தோடு சேர்ந்துகொள்கிறது. அப்படித்தான் அது அந்த நாட்டின் மிகப்பெரிய ரப்பர் தோட்டங்களில் ஒன்றாகிறது. பிள்ளையும் நிலமும் ஒரே கையெழுத்தில் வந்து சேர்கின்றன. பாசம் உண்மையா பொய்யா என்ற கேள்விக்கே அங்கே வேலையில்லை. உண்மையாகவே பாசமாக இருந்துகொண்டு நிலத்தையும் வைத்துக்கொள்ள முடியும், அதுதான் அதில் பயங்கரம்.

அப்புறம் அந்தச் சாட்டையடிக் காட்சி. ஓடிப்போக முயன்ற கூலியாளை எலியானே அடிக்கிறாள். அடித்துவிட்டு, பிள்ளைகளை அடிக்க ஒரு தாய்க்குப் பிடிக்குமா என்று கேட்கிறாள். அவன், நீங்கள்தான் எனக்குத் தாயும் தகப்பனும் என்கிறான். நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். ஏனென்றால் இதே வார்த்தையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். பாட்டி வேலை செய்த தோட்டத்தில் முதலாளியம்மாவைத் துரைசானி என்பார்கள். தீபாவளிக்குத் துணி, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் பங்களாவிலிருந்து மாத்திரை. ‘பெத்த தாய் மாதிரி’ என்று பாட்டி இன்றைக்கும் சொல்வார். அதே பாட்டிதான், தாத்தா செத்த மாதமே லைன் வீட்டைக் காலி பண்ணச் சொன்னதையும் சொல்வார். இரண்டையும் ஒரே மூச்சில், ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குகிறது என்று தோன்றாமல் சொல்வார்.

இந்த மலைக்குக் காப்பி வந்த கதையையும் நமக்கு இப்படித்தானே சொல்கிறார்கள். 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து நட்டார், மலை செழித்தது என்று. நட்ட குழியை யார் தோண்டினார்கள், அதற்கு முன் அந்தக் காட்டில் யார் இருந்தார்கள் என்ற பகுதிக்குக் கதை வருவதே இல்லை.

கமீல் அதிகாரியைச் சுடும் அந்தக் கூலிச் சந்தையை வைத்தும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே குவிக்கப்படுகிறவர்கள் வடக்கத்திப் பஞ்ச ஜனங்கள், தெற்கே இருக்கிற தோட்டங்களுக்கு அனுப்பப்பட இருப்பவர்கள். சரித்திரத்திலும் அப்படித்தான், தெற்கே கொச்சின்சீனாவின் ரப்பர் தோட்டங்களுக்குத் தொங்கினிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்களைக் கப்பலேற்றினார்கள். கமீலோடு நடந்து வந்த குடும்பம் பிரிய மாட்டோம் என்றதற்காகக் கொல்லப்படுகிறது. கொல்லப்படாமல் இருந்திருந்தால் அவர்கள் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய இடம் எது? எலியானின் தோட்டம் மாதிரி ஒரு தோட்டம். தான் வளர்ந்த வீட்டுக்குக் கூலி எங்கிருந்து வருகிறது என்பதை அந்தப் பெண் அங்கேதான் முதல்முறையாகக் கண்ணால் பார்க்கிறாள். அவள் சுட்டது காதலனுக்காக என்று படம் காட்டிக்கொண்டாலும், எனக்கு அந்தக் குண்டு அம்மாவின் வீட்டு வாசலில் போய் விழுந்த மாதிரிதான் இருந்தது. படம் தொடங்குகிற அதே 1930-இல், பிப்ரவரி மாதம், பூ ரியெங் ரப்பர் தோட்டத்துக் கூலிகள் நிஜமாகவே வேலைநிறுத்தம் செய்து சில நாட்கள் தோட்டத்தையே கையில் எடுத்துக்கொண்டார்கள்.

முத்தியால்பேட்டை டு ஐந்து ரோடு:

நல்ல கேள்வி அக்கா. நான் பிறந்தது புதுச்சேரி, வேலைக்காகச் சேலம் வந்து பதினோரு வருடம் ஆகிறது. இந்தப் படம் எங்களுக்குக் கொஞ்சம் வேறு மாதிரி வலிக்கும்.

முதலில் அந்த ‘அம்மா’. நமக்கு நிலம்தான் தாய், பாரத மாதா, தமிழ்த்தாய், நாம் பிள்ளைகள். தாய் அடிமையாகக் கிடக்கிறாள், பிள்ளைகள் மீட்க வேண்டும். பாரதி பாடியதெல்லாம் அந்தக் கணக்கில்தான். ‘இந்தோசீன்’ இந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் போடுகிறது. ஆளவந்தவள் தாய், நிலம் அவளுடைய தத்துப்பிள்ளை. இப்படி வைத்துவிட்டால் விடுதலைப் போராட்டமே ‘பிள்ளை வீட்டைவிட்டுப் போன கதை’ ஆகிவிடுகிறது. பிள்ளை போனால் யாருக்கு அழுகை வரும்? தாய்க்கு. பார்க்கிறவர்களும் தாயோடு சேர்ந்து அழுவார்கள். உங்கள் கண்ணீர் அங்கிருந்து வந்தது என்று நான் நினைக்கிறேன். பிரான்ஸ் தன் காலனிகளிடம் தன்னைத் தாய்நாடு என்றுதான் சொல்லிக்கொண்டது, படம் அந்த வார்த்தைக்கு ஒரு முகம் கொடுத்திருக்கிறது, அவ்வளவு அழகான முகம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள்மேல் ஓர் இளகிய மனசு உண்டு. 1908-இல் பாரதி ஆங்கிலேயருக்குத் தப்பி வந்து தங்கியது புதுச்சேரியில்தானே, பத்து வருடம் அங்கே இருந்தாரே என்போம். நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். பிறகுதான் படித்தேன், அதே 1908-இல் வியட்நாமின் ஃபான் சூ ட்ரின் என்ற அறிஞரைப் பிரெஞ்சு அரசு பிடித்துப் பூலோ கொண்டோர் தீவுச் சிறைக்கு அனுப்பியது. வரி கொடுக்க முடியாத விவசாயிகள் அங்கே தெருவில் இறங்கிய வருடம் அது. கமீல் போகிற சிறையும் அதே சிறை. ஒரே கொடி, ஒரே வருடம், நம் கவிஞருக்கு நிழல், அவர்கள் அறிஞருக்குத் தீவு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

தமிழர்களுக்கும் அந்த ஆட்சியில் பங்கு இருந்தது, அதை மறைக்கக் கூடாது. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர்கள் சைகோனில் குமாஸ்தாவாக, போலீஸாக, வரி வசூலிப்பவராக இருந்தார்கள். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் நெல் விளைகிற மேகாங் டெல்டாவில் வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். அவர்கள் கும்பிட்ட மாரியம்மன் கோவில் இன்றைக்கும் சைகோன் நகரத்தின் நடுவில் இருக்கிறது, இப்போது வியட்நாம் ஜனங்களே ஊதுபத்தி கொளுத்திக் கும்பிடுகிறார்கள். எங்கள் பாட்டியின் அக்காவைச் சைகோனில்தான் கட்டிக்கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பெட்டியில் இருந்த பட்டு எங்கிருந்து வந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

கடைசியாக எத்தியென். எனக்கு அந்தப் பையன்தான் படத்திலேயே பெரிய அடையாளம். பிரெஞ்சுத் தகப்பனுக்கும் வியட்நாம் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளை, தகப்பன் கைவிட்டுப் போன பிறகு, தாயிடமிருந்து வாங்கி விடுதிகளில் வைத்துப் பிரெஞ்சுக்காரர்களாக வளர்க்கும் சங்கங்கள் இந்தோசீனாவில் நிஜமாகவே இருந்தன. 1928-இல் ஓர் ஆணையே போட்டார்கள், பிரெஞ்சு வம்சம் என்று கருதத்தக்க கலப்புப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை உண்டு என்று. எத்தனை தாய்மார்கள் பிள்ளையைத் திரும்பப் பார்க்காமலே போயிருப்பார்கள். அதையெல்லாம் தெரிந்துகொண்டு பிறகு அந்த ஜெனீவா காட்சியைப் பாருங்கள். நாடு கமீலுக்கு, பிள்ளை எலியானுக்கு என்று பிரித்துக் கொடுத்து, அதைப் பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். வியட்நாமின் தியன் பியன் பூ போரில் 1954 மே மாதம் தோற்ற தேசத்துக்கு, 38 வருடம் கழித்து அதன் சினிமா கொடுத்த ஆறுதல் அது.

குகை ரசிகன்:

மேலே இரண்டு பேர் எழுதியதும் நெஞ்சைத் தொட்டது. ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்கு உறுத்தல் இருக்கிறது. கமீலை ‘வியட்நாம்’ என்று எழுதி ஒட்டிவிட்டால் கமீல் என்ற பெண் எங்கே போனாள்? காலனிக் கதைகள் எல்லாமே அந்த ஊர்ப் பெண்ணை ஒரு தேசமாக, ஒரு நிலமாக, ஒரு பூவாகத்தான் பார்க்கின்றன. நாமும் அப்படியே வாசித்தால் அதே தப்பைச் செய்கிறோம். கமீலின் நிச்சயதார்த்த மாப்பிள்ளை டான் இருக்கிறானே, 1930-இல் பிரெஞ்சுப் படையிலிருந்த வியட்நாம் சிப்பாய்கள் செய்த யென் பாய் கலகத்துக்கு ஆதரவாகக் கிளர்ச்சி செய்து பிரான்சிலிருந்து துரத்தப்பட்ட மாணவன், அவன் கமீலை நிலமாகப் பார்ப்பதில்லை. ‘நீ போ’ என்று அவளை விடுகிற ஒரே ஆள் அவன்தான். படம் அவனுக்குக் கொடுத்திருப்பது சில நிமிடங்கள், எனக்கு அதுதான் வருத்தம்.

ஜான்-பப்தீஸ்த் யார் என்று கேட்டிருந்தீர்கள். என் பார்வையில் அவன் சட்டையைக் கழற்றிப் போட்ட பிரான்ஸ். அதிகாரியாக வந்து, மனச்சாட்சி குத்தி, கட்சி மாறியவன். ‘எங்களில் நல்லவர்களும் இருந்தார்கள்’ என்று சொல்லிக்கொள்ள அவன் தேவைப்படுகிறான். ஆனால் அவன் உயிரோடு இருந்தால் கதையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாது, அதனால் குழந்தை பக்கத்தில் இருக்கச் சுடப்பட்டுக் கிடக்கிறான்.

மற்ற படங்களுக்கு வருகிறேன். அதே 1992-இல் வந்த ‘தி லவ்வர்’ (மார்கரீத் துராஸின் நாவல், ழான்-ழாக் அன்னோ எடுத்தது) எல்லாவற்றையும் மாற்றிப் போடுகிறது. இங்கே பெண் பிரெஞ்சுக்காரி, பள்ளிக்கூடம் போகிற வயசு, குடும்பம் கடனில் மூழ்கியது. ஆண் பணக்காரச் சீனன். அவன் காசில் அந்தக் குடும்பம் வயிறாரச் சாப்பிடுகிறது, ஆனால் ஒருவரும் அவன் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. எனக்குக் காலனி என்றால் என்னவென்று புரிந்தது அந்தச் சாப்பாட்டு மேசையில்தான். பட்டினி கிடந்தாலும் வெள்ளைத்தோல் மேலேதான் உட்காரும். வியட்நாம் ஜனங்களோ அந்தப் படத்தில் தோணியிலும் தெருவிலும் பின்னால் நடமாடுகிறார்கள், அவ்வளவுதான்.

‘தி குவயட் அமெரிக்கன்’ படத்துக்கு வந்தால் பிரெஞ்சுக்காரர்கள் விலகிப்போகிற நேரம், 1952. வயதான ஆங்கிலேயப் பத்திரிகைக்காரர், இளம் அமெரிக்கர், நடுவில் ஃபுவாங் என்ற பெண். யார் அவளை வைத்துக்கொள்வது என்று இரண்டு ஆண்கள் பேசி முடிவுசெய்கிறார்கள், அவளிடம் கேட்பது கடைசியில். 2002-இல் ஃபிலிப் நாய்ஸ் எடுத்த படத்தில் ஃபுவாங்காக வியட்நாம் நடிகை டோ தி ஹாய் யென் நடித்தார். 1958-இல் இதே கதையை எடுத்தபோது அந்த வேடத்தில் போட்டது ஓர் இத்தாலிய நடிகையை. அந்தத் தேர்வே போதும், எவ்வளவு தூரம் அவளை ஆளாகக் கருதினார்கள் என்று தெரிந்துகொள்ள.

அஸ்தம்பட்டி வாசகி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று ராத்திரி தம்பியோடு உட்கார்ந்து இரண்டாம் பாதியை மறுபடி பார்த்தேன். முதல் தடவை நான் கவனிக்காத ஒன்று இருக்கிறது: முழுக் கதையையும் எலியான்தான் சொல்கிறாள், ஜெனீவாவில், வளர்ந்த எத்தியெனிடம். கமீல் காட்டிலும் கடலிலும் பட்டதெல்லாம் எலியான் பார்க்காதவை, ஆனாலும் எலியானின் குரலில்தான் நமக்கு வருகின்றன. சிறைக்குள் போனாள், வெளியே வந்தாள். நடுவில் இருந்த வருடங்கள் இல்லவே இல்லை. ஓர் அரச வீட்டுப் பெண் எப்படிக் கம்யூனிஸ்ட் ஆனாள், அங்கே யாரோடு பேசினாள், என்ன படித்தாள், யார் அவள் கண்ணெதிரே செத்தார்கள், எதுவும் இல்லை. வளர்த்தவளுக்குத் தெரியாது, அதனால் படத்துக்கும் தெரியாது.

திரும்பி வந்த கமீல் எலியானிடம், பையனைக் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விடு, உன் இந்தோசீனா முடிந்துவிட்டது என்ற பொருள்பட ஏதோ சொல்கிறாளே, அந்த ‘உன்’ இந்த முறை காதில் விழுந்தது. இந்தோசீனா என்பதே 1887-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒன்றியம் அமைத்து வைத்த பெயர்தானே. வியட்நாமைத் தொங்கின், அன்னாம், கொச்சின்சீனா என்று மூன்று துண்டாக்கி, கம்போடியாவோடு சேர்த்து, பிறகு லாவோஸையும் இழுத்துப் போட்டு. படத்தின் பெயரே அம்மாவின் வாயிலிருந்து வந்த சொல்.

குகை ரசிகன், நீங்கள் சொன்ன உறுத்தல் எனக்கும் வந்துவிட்டது. வியட்நாம்காரர்களே இந்தக் காலத்தை வைத்து எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா? அவர்கள் எந்த உறவை நடுவில் வைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

குகை ரசிகன்:

இருக்கிறது. ‘தி ரெபெல்’, 2007, சார்லி நுயென் இயக்கியது. கதாநாயகனை உங்களுக்கே தெரியும், நம் ‘7ஆம் அறிவு’ படத்தில் வில்லனாக வந்த ஜானி ட்ரி நுயென்தான். 1920-களில் நடக்கும் சண்டைப் படம், ஆனால் சண்டைக்காக மட்டும் பார்க்காதீர்கள். அவன் பிரெஞ்சுக்காரர்களுக்கு உளவு வேலை பார்க்கிற வியட்நாம்காரன், அவள் கலகக்காரத் தலைவரின் மகள். காதல் அந்த இருவருக்கும் நடுவில்தான். வெள்ளைக்கார அம்மாவும் இல்லை, மனம் மாறும் வெள்ளைக்கார அதிகாரியும் இல்லை. ஆட்சிக்காரனுக்கு வேலை செய்தவன் எதிர்த்து நின்றவளின் முகத்தை எப்படிப் பார்ப்பான் என்பதுதான் அவர்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்திருக்கிறது. புதுச்சேரி நண்பர் எழுதிய குமாஸ்தாக்களையும் போலீஸ்காரர்களையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் நமக்கும் அது தூரத்துக் கதை இல்லை.

முத்தியால்பேட்டை டு ஐந்து ரோடு:

பார்த்ததில்லை, இன்றைக்கே தேடுகிறேன். நன்றி.

நாகலூர் காப்பி:

ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். வாசகி கேட்ட கேள்வி மண்டைக்குள்ளேயே சுற்றியதால், முந்தாநாள் பாட்டிக்கு அந்தச் சாட்டையடிக் காட்சியை மட்டும் செல்போனில் போட்டுக் காட்டினேன். பாட்டிக்கு 84 வயது, பிரெஞ்சும் தெரியாது எழுத்தும் தெரியாது, நான்தான் வரிவரியாகச் சொன்னேன். அவன் ‘நீங்கதான் தாயும் தகப்பனும்’ என்று சொல்கிறான் பாட்டி என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சாட்டை அவ கையில இருக்கு, வேற என்னத்தச் சொல்லுவான்” என்றார். பிறகு அந்தப் பையன் முதுகுக்கு யாராவது மருந்து போட்டார்களா என்று கேட்டார். படத்தில் அது வரவில்லை என்று சொன்னேன்.

அடுத்த மாதம் ‘தி ரெபெல்’ போடுவதாக இருந்தால் நானும் வரலாமா? மதியமே ஆரம்பித்தால் நல்லது, படம் முடிந்து நான் மலை ஏறுவதற்குப் பஸ் இருக்க வேண்டும்.